எடை போட்டதுதான் வந்து சேரும்: ஊக்கத்தொகை வைப்பவர்களுக்கு ஒரு கையேடு

செம்பனை (எண்ணெய்ப் பனை) குலைக்கு டன் கணக்கில் காசு கொடுத்தால் டன் வரும். அந்த டன்னுக்குள் பழுத்தது எவ்வளவு, காய் எவ்வளவு, மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்த உதிரி, அதாவது குலையிலிருந்து உதிர்ந்த பழம், எவ்வளவு என்பதெல்லாம் காசுக்குத் தெரியாது. அது தராசை மட்டும்தான் பார்க்கும். திட்டம் சொதப்பியதும் "ஆள் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் ஆள் சரியாகத்தான் இருப்பார். நாம் எடை போடாத வேலையை அவர் சும்மா செய்து தருவார் என்று நினைத்ததுதான் தப்பு.

மலாயாவில் வணிக அளவில் முதல் செம்பனை 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. மலேசியாவின் சிலாங்கூரில் அதை ஒட்டிய பெஸ்தாரி ஜெயா, பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை, போன்ற பட்டணங்களில் இன்று ஊக்கத்தொகையை முடிவு செய்பவர்கள் பெரிய துரைமார் மட்டுமல்ல. அறுவடைக் குத்தகை எடுத்தவர், பத்து ஏக்கர் வைத்திருப்பவர், மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர், பாலர் பள்ளி நடத்துபவர் எல்லோரும் யாருக்கோ எதற்கோ காசு வைத்து வேலை வாங்குகிறார்கள். அவர்களுக்காக எழுதியது இது. குலை வெட்டில்தான் கணக்கு தெளிவாகத் தெரியும் என்பதால் அங்கே தொடங்குவோம்.

எடை போடாததை முதலில் எழுதுங்கள்

கூலி விகிதத்தைப் பேசுவதற்கு முன் ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், எதற்குக் காசு கொடுக்கப் போகிறீர்கள் என்பது. குலை வெட்டில் அது ஒரே வரி: கிலோ. வலப்பக்கம், காசு கொடுக்காமலேயே நடக்கும் என்று நம்புவது. பழுத்ததை மட்டும் வெட்டுவது, காம்பைக் குட்டையாக நறுக்குவது, உதிரியைப் பொறுக்குவது, ஓலையை வரிசையாக அடுக்குவது, உயர மரத்தைத் தாண்டிப் போகாமல் இருப்பது, பழுத்த குலையை அடுத்த ரவுண்டுக்கு (அடுத்த சுற்று வெட்டுக்கு) விடாமல் இருப்பது. வலப்பக்கத்தில் இருப்பவற்றில்தான் அடுத்த மூன்று மாதத்தில் சண்டை வரும்.

ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய ஓர் அளவு வேண்டும். மலேசியச் செம்பனை வாரியத்தின் தர அளவுப்படி, உதிர்ந்த பழத்தின் புதுக்குழி குறைந்தது 10 இருந்தால் அது பழுத்த குலை. ஒரு குழியும் இல்லையென்றால் காய். காம்பு 5 செ.மீ.க்கு மேல் போனால் நீளக்காம்பு. "நல்லா பழுத்ததா பார்த்து வெட்டு" என்று பிரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) சொல்வதைவிட, ஒரு குலையைக் கையில் எடுத்துக் குழிகளை எண்ணிக் காட்டுவது எவ்வளவோ மேல். ஆட்களில் பாதிப் பேர் வங்காளதேசத்திலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர்களாக இருந்தால் இது இன்னும் அவசியம். குழிக்கு மொழி கிடையாது.

உதிரிக் கணக்கு

உதிரியில்தான் எண்ணெய் அதிகம். அதைத்தான் ஆட்கள் விட்டுவிட்டு வருவார்கள். காரணம் சோம்பல் அல்ல, கூட்டல் கழித்தல். எண்களை உங்கள் தோட்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முறையை மட்டும் பாருங்கள்.

டன்னுக்கு 45 வெள்ளி (ரிங்கிட்; ஒரு வெள்ளிக்கு நூறு காசு) கூலி என்று வையுங்கள். கிலோவுக்கு நாலரைக் காசு. ஒருவர் மணிக்கு 300 கிலோ குலை வெட்டினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு 13 வெள்ளி 50 காசு. அதே ஒரு மணி நேரம் குனிந்து உதிரி பொறுக்கினால் 60 கிலோ தேறும். உதிரியையும் குலையோடு சேர்த்து எடை போட்டு அதே விகிதத்தில் கொடுத்தால் கையில் கிடைப்பது 2 வெள்ளி 70 காசு. முதுகும் வலிக்கும். யார் பொறுக்குவார்? ஓலைக் குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம்.

இரண்டு வேலைக்கும் ஒரே வருமானம் வர வேண்டுமென்றால் 13.50-ஐ 60-ஆல் வகுங்கள்: கிலோவுக்கு 22 காசுக்குச் சற்று மேல். ஆலை டன்னுக்கு 800 வெள்ளி கொடுக்கிறது என்றால் கிலோவுக்கு 80 காசு உங்களுக்கு வருகிறது. ஆகவே 22 கொடுத்தாலும் நட்டமில்லை. உதிரி பொறுக்குவதற்குத் தனி ஆள் வைத்தாலும் இதே கணக்குதான். வெட்டுபவரின் ஒரு மணி நேரத்துக்கு எதிரே வைத்துப் பார்க்காமல் விகிதம் சொல்லக்கூடாது.

உதிரி விகிதத்தை ஏற்றியதும் தொல்லை வேறு வழியில் வரும். மூட்டையில் மண்ணும் கல்லும் ஏறும். அதற்குச் சல்லடை போதும். எடை போடும் முன் சலித்துவிடுங்கள். இரண்டாவது தந்திரம் கொஞ்சம் நுணுக்கமானது: குலையை ஒரு ரவுண்டு தள்ளி வெட்டினால் தரையில் உதிரி கூடும், அதற்கு நல்ல விலை. ஆனால் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தில் அமிலம் ஏறிவிடும். ஆகவே மொத்த எடையில் உதிரி எத்தனை சதவீதம் என்று ரவுண்டுக்கு ரவுண்டு எழுதி வையுங்கள். வழக்கமாக எட்டில் இருந்தது திடீரென்று பதினைந்துக்கு ஏறினால், ஆட்கள் உற்சாகமாகிவிட்டார்கள் என்று மகிழாதீர்கள். 10 முதல் 14 நாளில் முடிய வேண்டிய ரவுண்டு 20 நாளுக்கு இழுத்திருக்கும். நாள்களை எண்ணிப் பாருங்கள்.

உதிரி விடுபடுகிறதா என்று தெரிந்துகொள்ள மண்டோரை (ஆட்களை மேற்பார்ப்பவரை) கேட்கத் தேவையில்லை. மரத்தடி வட்டத்திலும் ஓலை வரிசையிலும் தானாக முளைத்த செம்பனைக் கன்றுகள் எத்தனை என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் விட்ட உதிரியின் ரசீது அது.

காய் வெட்டும், தண்டமும்

டன் கூலியில் மாதக் கடைசியிலும் விளைச்சல் மந்தமான மாதங்களிலும் காய் வெட்டு கூடும். வழக்கமாக எடுக்கும் மருந்து, காய்க் குலைக்கு இவ்வளவு வெள்ளி என்று சம்பளத்தில் பிடிப்பது. இதில் இரண்டு சிக்கல். ஒன்று சட்டம்: 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு எந்தெந்தப் பிடித்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது, முதலாளி தன் இஷ்டத்துக்குத் தண்டம் போட அதில் இடமில்லை. இரண்டு, தண்டத்துக்குப் பயந்தவர் காயை வெட்டாமல் விடமாட்டார். வெட்டிய காயைக் குலை சேர்க்கும் தட்டுக்குக் கொண்டுவராமல் ஓலைக்கடியில் மறைப்பார். உங்களுக்குக் குலையும் போச்சு, தகவலும் போச்சு.

தண்டத்தைப் புரட்டிப் போட்டு நற்கூலியாக வையுங்கள். அடிப்படை டன் கூலியைத் தொடாதீர்கள். ரவுண்டு முழுக்க ஒருவரின் குலைகளில் 50-ஐ முன்னறிவிப்பில்லாமல் பாருங்கள். காய் ஒன்றுக்கு மேல் இல்லையென்றால் அந்த ரவுண்டின் ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 3 வெள்ளி. காம்பு வெட்டிய முகத்தில் ஆளின் எண்ணை எழுதும் பழைய வழக்கத்தை விடாதீர்கள். எண் இல்லாத குலையை யாருடைய கணக்கிலும் சேர்க்க முடியாது. நற்கூலியை ரவுண்டு முடிந்ததும் எத்தனை என்று கரும்பலகையில் எழுதுங்கள், மாதக் கடைசி வரை மூடி வைக்காதீர்கள். முப்பது நாள் கழித்து வரும் 3 வெள்ளிக்கும் இன்று வெட்டும் குலைக்கும் உள்ள தொடர்பு மனத்தில் நிற்காது.

உயர மரத்துக்கும் குட்டை மரத்துக்கும் ஒரே விகிதம் வைத்தால் உயர மரத்துப் பகுதிக்குப் போக எல்லோருக்கும் காய்ச்சல் வரும். சரிவுக்கும் சேற்றுக்கும் அப்படியே. இதற்கு விளக்கம் வேண்டாம். பகுதிவாரியாக விகிதம் வையுங்கள், முடிந்தது.

1,700 வெள்ளிக்குள் செத்துப்போகும் ஊக்கம்

பலர் கவனிக்காத ஓட்டை இது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்தும் அதற்கு மேலும் ஆள் வைத்திருப்பவர்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதல், மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதல். டன் கணக்கில் கூலி கொடுத்தாலும் மாதச் சம்பளம் அதற்குக் குறையக்கூடாது.

நாளுக்கு ஒன்றரை டன், 26 நாள், மொத்தம் 39 டன். 45 வெள்ளி வீதம் 1,755. எல்லை தாண்டியாயிற்று. மந்தமான மாதத்தில் நாளுக்கு ஒரு டன்தான் என்றால் 26 டன், 1,170 வெள்ளி. மீதி 530-ஐ நீங்கள் போட்டு 1,700 ஆக்குகிறீர்கள். சட்டப்படி சரி. ஆனால் அந்த மாதத்தில் அவர் இன்னும் ஐந்து டன் கூடுதலாக வெட்டினாலும் கையில் வருவது அதே 1,700. 38 டன்னைத் தொடும் வரை ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். உங்கள் 45 வெள்ளி விகிதம் காகிதத்தில் உயிரோடு இருக்கிறது, தோட்டத்தில் இறந்துவிட்டது. "மந்த மாதத்தில் ஆட்கள் சுணங்குகிறார்கள்" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இந்தப் பூஜ்யம்தான் இருக்கும்.

சரி செய்ய வழி: மந்த மாதம் வருவதற்கு முன்பே மரத்தில் இளங்குலைகளை எண்ணி விளைச்சலைக் கணியுங்கள். அந்த மாதத்துக்கு 1,700-ஐ அடிப்படைச் சம்பளமாக வைத்து, அன்றாட இலக்கை விளைச்சலுக்கு ஏற்ப இறக்குங்கள். இலக்குக்கு மேல் வெட்டியதற்கும், உதிரிக்கும், நற்கூலிக்கும் 1,700-க்கு மேலே தனி வரியாகக் கொடுங்கள். சம்பளச் சீட்டிலும் அது தனி வரியாகவே தெரிய வேண்டும். உள்ளே கரைந்துபோகும் ஊக்கத்தொகை ஊக்கத்தொகை இல்லை.

பார்ப்பவருக்கு எப்படிக் கொடுப்பது

பழைய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தன் ஆட்களில் அன்று வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று. அந்தக் காசு எண்ணியது தலையை. உடம்பு சரியில்லாதவரும் பிரட்டில் நின்றாக வேண்டும் என்ற நெருக்கடி அதிலிருந்தே பிறந்தது. இன்று மண்டோருக்குத் தன் குழுவின் டன்னில் சதவீதம் கொடுப்பவர்கள் அதே மரத்தைத்தான் மறுபடி நடுகிறார்கள். குழு காய் வெட்டினால் மண்டோரின் வருமானம் கூடும். அப்புறம் அவர் எங்கே காயைப் பார்ப்பார்?

தரம் பார்ப்பவரின் சம்பளம், அவர் பார்க்கும் பொருளின் அளவோடு ஏறி இறங்கக்கூடாது. மண்டோருக்கு நிலையான சம்பளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆலையின் தரச் சீட்டை வைத்துக் கொடுங்கள். அவர் கொடுத்த மதிப்பும் ஆலை கொடுத்த மதிப்பும் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அதற்குக் காசு. அப்போது மூடி மறைப்பதில் அவருக்கு இலாபமில்லை. லோரிக்காரருக்கு நடைக்கு இவ்வளவு என்று மட்டும் பேசினால் அரை வண்டியோடு பறப்பார், டன்னுக்கு என்று மட்டும் பேசினால் அளவுக்கு மேல் ஏற்றுவார். இரண்டிலும் கொஞ்சம் கலந்து பேசுங்கள்.

ரப்பர் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பத்தி. பாலை எடையில் மட்டும் வாங்கினால் தண்ணீர் சேரும். அதற்கு ரப்பர் சத்துச் சதவீதம் பார்க்கும் வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. தராசில் வராதது பட்டை. எடைக்காக ஆழமாகவும் தடித்தும் சீவினால் இன்று பால் கூடும், மரம் காயப்படும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டில் ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் மாதத்துக்கு இரண்டேகால் சென்டிமீட்டர்தான் இறங்க வேண்டும். மாத முதல் நாள் இருபது மரத்தில் சாயக்கோடு போட்டு, கடைசி நாள் அளவுகோலை வையுங்கள்.

எலி வால்

1902-இல் ஹனோய் நகரில் பிரெஞ்சு அரசு எலி வாலுக்குக் காசு என்று அறிவித்தது. வால்கள் குவிந்தன. கூடவே வாலறுந்த எலிகள் தெருவில் ஓடின, ஊருக்கு வெளியே எலி வளர்ப்பும் தொடங்கிவிட்டது. வால்தானே கேட்டார்கள், எலி குறைய வேண்டும் என்று காசு சொல்லவில்லையே.

தோட்டத்தில் எலி மருந்து வைக்கும் வேலைக்கும் இது பொருந்தும். வைத்த மருந்துத் துண்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ஒரே மரத்தடியில் அரைப் பெட்டி கொட்டிக் கிடக்கும். மரத்துக்கு ஒரு துண்டு, தின்ற இடத்தில் மட்டும் மறுபடி, தின்னப்பட்டது நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கும் வரை என்பதுதான் முறை. அந்த இருபதுக்கு இறங்கியதற்கும், குலையில் புதுப் பல் காயம் குறைந்ததற்கும் நாள் சம்பளத்துக்கு மேல் கொடுங்கள். எண்ணுபவர் வைத்தவராக இருக்கக்கூடாது. எலி பிடிக்கும் கூகைக்குக் கூண்டு வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கூகை வாலைக் காட்டிக் காசு கேட்காது.

பட்டணத்துக் கடைகளில்

பட்டறையில் மாற்றிய பாகத்துக்குக் கமிஷன் கொடுத்தால் நல்ல பாகமும் கழற்றப்படும். கமிஷனை வேலைக்கு மாற்றி, ஒரு மாதத்துக்குள் அதே கோளாறோடு திரும்பி வந்த வண்டியைக் கழித்துக் கணக்கிடுங்கள். விற்பனை இலக்கைக் கழுத்தில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்று அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. கிளை ஊழியர்கள் இலக்கை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் வங்கி 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியது. சுமார் 5,300 பேர் வேலை இழந்தார்கள்.

பாலர் பள்ளி நடத்துபவர்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு அபராதம் வைக்கலாமா? இஸ்ரேலின் ஹைஃபாவில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. சிறிய அபராதம் வைத்த காப்பகங்களில் தாமதம் ஏறக்குறைய இரட்டித்தது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்பு "ஆசிரியை காத்திருப்பாரே" என்ற கூச்சம் ஓடவைத்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது, கட்டிவிட்டு மெதுவாக வரலாம். சிலாங்கூரில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கேட்டது வேறு கதை. பையை வாங்குவதில் கல்லாவில் இருப்பவருக்கும் நமக்கும் நடுவில் எந்தக் கூச்சமும் இருந்ததில்லை; கெட்டுப்போக ஏதுமில்லை. ஆகவே காசு வைக்கும் முன், அங்கே ஏற்கெனவே எது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

அரசாங்கத்தின் காசு, அரசாங்க ஆளுக்குக் காசு

சிறுதோட்டக்காரர்களுக்கான ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை, விலை ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தைக் கொடுக்கிறது. அந்த மட்டம் 2024 பட்ஜெட்டில் கிலோவுக்கு 2.70-இலிருந்து 3 வெள்ளியாக உயர்ந்தது. விலை விழும்போது மரம் வெட்டாமல் கிடக்கக்கூடாது என்பதே நோக்கம். வெட்டுவது வேறு ஆள் என்றால், பாலை எப்படிப் பங்கிடுகிறீர்களோ அப்படி இதையும் பங்கிட ஒரு தாளில் எழுதுங்கள். முழுவதையும் நிலத்துக்காரர் வைத்துக்கொண்டால் கத்தி பிடிப்பவருக்கு எழுந்து போகக் காரணமில்லை. விற்பனை அட்டையை இரவல் கொடுக்காதீர்கள். ரசீதுக்குக் காசு கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் ரசீதுக்கென்றே ஒரு சந்தை உருவாகப் பார்க்கும்.

இனி காப்பிக் காசு, அதாவது லஞ்சம். ஊக்கத்தொகைக்கும் லஞ்சத்துக்கும் வித்தியாசம் தொகையில் இல்லை. உங்கள் ஆளுக்கு உங்கள் வேலைக்காக, மற்றவர் அறியக் கொடுப்பது ஊக்கத்தொகை. இன்னொருவருக்குக் கடமைப்பட்டவரை அந்தக் கடமையிலிருந்து உங்கள் பக்கம் சாய்க்கக் கொடுப்பது லஞ்சம். ஆலையில் தரம் பார்ப்பவருக்கு ஐம்பது வெள்ளி நீட்டுவது தனியார் விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் நிறுவன ஊழியரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. கொடுக்க முன்வந்தாலே குற்றம். கேட்கப்பட்டால் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை.

அந்தச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சென்டிரியான் பெர்ஹாட்டோ (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) கூட்டு நிறுவனமோ வைத்திருப்பவர் நன்றாகப் படிக்க வேண்டிய பிரிவு. நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் நிறுவனத்தின் ஆதாயத்துக்காக லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி, இயக்குநர்களும் பதில் சொல்ல வேண்டும். அபராதம் லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, எது அதிகமோ அதற்குக் குறையாமல். 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. நிறுவனத்துக்குத் தற்காப்பு ஒன்றுதான்: தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்திருந்தோம் என்று காட்டுவது.

இங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ரன்னர். தொழிலாளர் பெர்மிட்டுக்கோ லைசென்சுக்கோ ஓர் ஆளைப் பிடித்து, "முடித்துக் கொடுத்தால் 3,000, முடியாவிட்டால் ஒன்றுமில்லை" என்று பேசுகிறோம். லஞ்சம் கொடு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 3,000-இல் 500-ஐ உள்ளே தள்ளினால் 2,500 நிச்சயம், தள்ளாவிட்டால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம் என்ற கணக்கை அவர் கையில் நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். கூலியைப் படிப்படியாகப் பிரியுங்கள்: பத்திரங்களைச் சரிபார்த்ததற்கு இவ்வளவு, விண்ணப்பத்தைப் பதிந்த ரசீதுக்கு இவ்வளவு, கேட்ட கூடுதல் விவரத்தைக் கொடுத்ததற்கு இவ்வளவு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கூலி ஒன்றே. அரசாங்கக் கட்டணத்தை அவர் கையில் கொடுக்காமல் நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். "பல்வகைச் செலவு" என்று ஒரு வரி வந்தால் ரசீது இல்லாமல் ஒரு காசும் போகக்கூடாது. தீபாவளிக் கூடையை முடிவெடுக்கும் அதிகாரியின் வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தையும் அதோடு நிறுத்திவிடுங்கள்.

தேர்தல் நேரத்தில் இதே வேலை கூட்டமாக நடக்கும். 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றங்கள் சட்டத்தில் வாக்குக்காக விருந்து வைப்பது 8-ஆம் பிரிவிலும் லஞ்சம் 10-ஆம் பிரிவிலும் வருகிறது. வாங்கியவரும் தப்ப முடியாது. வாக்கு இரகசியம் என்பதால் கொடுத்த காசுக்கு வாக்கு விழுந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் காசு வீடு வீடாக வருவதற்கு முன், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் ஓர் ஆளிடம் வருகிறது. சங்கத்திலோ கோயில் குழுவிலோ பொறுப்பில் இருப்பவரை அந்த ஆளாக இருக்கச் சொல்லித்தான் முதலில் கேட்பார்கள். குழுவின் பெயரில் வரும் எந்தத் தொகையும் தேதி, நோக்கம், கொடுத்தவர் பெயர் போட்ட கடிதத்தோடு குழுவின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வரலாம் என்று தேர்தல் அறிவிப்பதற்கு முன்பே தீர்மானம் போட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றி வையுங்கள். அறிவித்த பிறகு போடும் தீர்மானத்துக்கு ஏற்கெனவே ஒரு விலை வந்திருக்கும்.